பாட்டனார் பெயரும் மீசான் கல்லும்

ஜொகூரில் கடை வைத்திருக்கும் நம்மவரிடம் பாட்டனாரின் தந்தை யார் என்று கேட்டால், "நாகூர்ப் பக்கம் என்பார்கள்", "கடையநல்லூராம்" என்ற அளவில் பேச்சு நின்றுவிடுகிறது. சிலர் "நாங்கள் அரபு வம்சம்" என்று சொல்லி முடித்துக்கொள்வர். முறையாகத் தேடினால் என்ன கிடைக்கும், எங்கே தடுமாற நேரும் என்பதற்கு ஜொகூரோடு தொடர்புள்ள ஒரு குடும்பத்தையே பார்ப்போம்.

ஜொகூர் அரசில் உயர் பதவி வகித்து 1904ல் காலமானவர் டத்தோ பெந்தாரா டாலம் முகமது இப்ராஹீம் முன்ஷி. அவருடைய தந்தையே, நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா. 1796ல் மலாக்காவில் பிறந்தவர். 1849ல் அச்சான 'ஹிக்காயத் அப்துல்லா'வில் அவர் தம் வழியைச் சொல்லியிருக்கிறார். யமனிலிருந்து நாகூர் வந்து அங்கே மணம் முடித்தவர் பூட்டனார் அப்துல் காதிர். அவர் மகன் முகமது இப்ராஹீம் மலாக்காவில் ஷெய்கு மீரா லெப்பையின் மகளை மணந்தார். அவர்களுக்குப் பிறந்தவர் மறுபடியும் ஓர் அப்துல் காதிர். அவர் மகனே முன்ஷி.

இரண்டு அப்துல் காதிர், இரண்டு முகமது இப்ராஹீம்! முன்னோர் பெயரையே பிள்ளைக்கு வைக்கும் நம் வழக்கம் இது. தேதி பாராமல் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் இரண்டு தலைமுறை ஒன்றாகிவிடும். இதற்கு மருந்து, ஒவ்வோர் ஆண் பெயருக்கும் பக்கத்தில் மனைவியின் பெயரை எழுதுவதுதான். முன்ஷியின் பாட்டியார் பெயர் அந்நூலில் 'பெரி ஆச்சி' என்றிருக்கிறது. வேற்று நாட்டார் அதை எப்படியும் படிக்கட்டும். நம் காதுக்கு அது பெரியாச்சி அல்லவா? யமன் வழியைச் சொல்லி ஆச்சியை மறந்தால், பேரேட்டில் வரவை எழுதி பற்றை விட்ட கதைதான்.

நம் கடைகளின் பழைய விலாசங்களையும் கவனியுங்கள். முன்னெழுத்துகளில் பாட்டனாரும் தந்தையும் ஒளிந்திருப்பர். 1948ல் மலாயாவில் அடையாள அட்டை வந்தபோது அவை 'பின்' என்று மாறின. எழுத்துக்கூட்டலும் ஆளுக்கொரு விதமாயிற்று. பட்டாவில் ஒரு பெயர், இறப்புச் சான்றில் இன்னொரு பெயர் என்றிருந்தால், வாரிசுப் பங்கு பிரிக்கும் நாளில் இரண்டும் ஒருவரே என்று மெய்ப்பிக்க வேண்டிய தொல்லை பிள்ளைகள் தலையில் விழும்.

இனி மையவாடிக்குப் போவோம். மீசான் கல்லில் ஹிஜ்ரி ஆண்டுதான் பெரும்பாலும் இருக்கும். அதை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு ஏறக்குறையக் கிடைக்கும். 1320 என்பது 1902. திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு வரும். அதோடு 825ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். கல்லைச் சுரண்ட வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். பக்கத்துக் கப்றுகளையும் படம் எடுங்கள்; உறவினர் அருகருகே அடங்கியிருப்பதுண்டு.

கல் எந்நாளும் இருக்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது. ஜொகூர் வியாபாரம் சிங்கப்பூரோடு பிணைந்தது. 1924ல் தரைப்பாலம் திறந்தபின் போக்குவரவு இன்னும் பெருகியது. ஆகவே நம் முன்னோரில் சிலர் அக்கரையில் அடங்கியிருக்கலாம். அங்கே பிடாடரி மையவாடியின் கப்றுகள் 2001 முதல் 2006 வரை தோண்டி மாற்றப்பட்டன. 1998 முதல் ஒரு கப்றுக்கு 15 ஆண்டுதான் என்பது அங்குள்ள சட்டம்.

ஆகையால் குடும்பத்துக்கு ஒரு குறிப்பேடு வையுங்கள். கண்ணால் கண்ட பத்திரம் ஒரு பக்கம், காதால் கேட்டது எதிர்ப்பக்கம். கேட்டதற்குச் சொன்னவர் பெயரும் நாளும் வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஜமாஅத்தின் பழைய நிக்காஹ் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். மாப்பிள்ளையின் தந்தை பெயரோடு நிற்காமல், பெண்ணின் தந்தை பெயரையும் சாட்சிகளின் பெயரையும் எழுதி வாருங்கள்.