பெங்களூருக்கு பஸ் ஏற வேண்டியதில்லை

நம்பிக்கை: ஆன்லைனில் வாங்கிய பொருள் கெட்டால் கம்பெனி இருக்கும் ஊரில்தான் கேஸ் போட முடியும்.

உண்மை: பாலக்கோட்டுத் தக்காளி விவசாயி ஒருவர், வீட்டிலிருந்தபடி போனில் பம்புசெட்டை ஓட்ட மொபைல் ஸ்டார்ட்டர் வாங்குகிறார் என்று வையுங்கள். மூன்றாவது வாரமே மிஸ்டுகால் கொடுத்தால் மோட்டார் ஓடவில்லை. பில்லின் அடியில் பொடி எழுத்து: ‘பெங்களூரு நீதிமன்றங்களுக்கு மட்டுமே உட்பட்டது’. சில ஆயிரம் ரூபாய்க்காக ஓசூர் தாண்டி யார் அலைவது? பெரும்பாலான புகார்கள் இந்த மலைப்பிலேயே செத்துப்போகின்றன என்பது என் எண்ணம்.

1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரையோ பிரச்சினை எழுந்த ஊரையோதான் பார்த்தது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது. தர்மபுரி மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையமே போதும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. ‘தகராறு வந்தால் நடுவர் மன்றம்தான்’ என்ற நிபந்தனைக்கு ‘ஐ அக்ரி’ அழுத்தியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று எமார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018-லேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது.

நம்பிக்கை: விவசாயத்துக்கு வாங்கினால் அது வியாபாரக் கணக்கு, அவர் நுகர்வோர் இல்லை.

உண்மை: சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்குவது வணிக நோக்கம் ஆகாது. தேசிய விதைக் கழகம் இதே வாதத்தை வைத்துப் பார்த்து, 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் ஆந்திர விவசாயிகளிடம் தோற்றது.

நம்பிக்கை: விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.

உண்மை: நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு அது செல்லலாம், குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடுவே போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை.

நம்பிக்கை: அப்படியானால் அந்தப் பொடி எழுத்தையே ரத்து செய்யச் சொல்லி மாவட்ட ஆணையத்தில் கேட்கலாம்.

உண்மை: இங்கேதான் சட்டம் கைவிடுகிறது. நியாயமற்ற ஒப்பந்தம் குறித்த புகார்களை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் அதற்கு மேலும்தான். சின்னத் தொகைக்கு ஏமாந்தவரை இதற்காகச் சென்னைக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் புகார் எழுதும்போது நிபந்தனைகளோடு மல்லுக்கட்டாமல், ஸ்டார்ட்டர் ஏன் ஓடவில்லை, எந்தத் தேதியில் கம்பெனிக்குச் சொன்னீர்கள் என்பதை மட்டும் எழுதி, பில்லையும் குறுஞ்செய்திகளையும் இணையுங்கள்.