பழுதானால் யார் திருத்துவது?

“அண்ணா, எந்த மொழி படிக்கலாம்?” என்று வெள்ளவத்தைத் தம்பிமார் கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எழுதப்போவது பழுதானால் யார் திருத்துவது? வேலைத்தலத்தில் அது இன்னொருவர். வீட்டில், ஆறு மாதம் கழித்து எல்லாம் மறந்துபோன நீங்களே.

வேலைக்கு

கொழும்பு வேலைவாய்ப்பு விளம்பரங்களைப் பாருங்கள். ஜாவாவோடு ஸ்பிரிங் பூட், சி ஷார்ப்போடு டொட் நெட். அலுப்புத் தட்டலாம், ஆனால் நீங்கள் விலகினாலும் அந்த இடத்துக்கு ஆள் தேடலாம். அடுத்து, ஆயுளைப் பாருங்கள். ஆங்குலர்ஜேஎஸ் பிரேம்வர்க்குக்கான ஆதரவு 2021 முடிவோடு நின்றது. அதற்கு வாரிசாக வந்த ஆங்குலர் அடியோடு மாறியிருந்ததால், மாறுவதென்றால் பெரும்பாலும் திரும்ப எழுதுவதுதான்.

அதற்காக முதல் தெரிவே கடைசித் தெரிவு என்றில்லை. 2004 சுனாமிக்குப் பின் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்காக இலங்கைத் தொண்டர்கள் அவசரமாக எழுதிய சஹானா மென்பொருள், பிஎச்பியில் பிறந்தது. உரிமக் கட்டணம் இல்லை, தெரிந்தவர்கள் ஏராளம். அவசரத்துக்கு அது சரி. பின்னர் வந்த அதன் ஈடன் பதிப்பு, பைத்தனில் வெப்2பை பிரேம்வர்க்கைக் கொண்டு எழுதப்பட்டது.

சொந்தத்துக்கு

கொட்டாஞ்சேனையில் மாமாவின் கடைக் கடன் கொப்பியைக் கணினிக்கு ஏற்றினேன். முதலில் அப்போது எல்லோரும் பேசிய புதிய பிரேம்வர்க். ஆறு மாதம் கழித்து ஒரு வரி திருத்தத் திறந்தால், பக்கேஜ்களைப் புதுப்பிக்கவே ஒரு சனிக்கிழமை போய்விட்டது. பிஎச்பியும் எஸ்கியூலைட்டும் கொண்டு சின்னதாக மறுபடி எழுதினேன்.

“தம்பி, ஊர்ப் பேரை இது ஏன் வெட்டுது?” என்றார் மாமா. திரையில் ‘கொட்டாஞ்சே’. ஊர்ப் பெயருக்குப் பத்து எழுத்து என்று எல்லை வைத்தது நான்தான். நம் கண்ணுக்குக் கொட்டாஞ்சேனை 6 எழுத்து. யூனிகோட் கணக்கில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் சேர்ந்து 12. பைத்தனும் ஜாவாவும் 12 என்றே எண்ணும். ஸ்விஃப்ட் 6 என்று எண்ணும். பிஎச்பியில் எந்தச் செயற்கூற்றை அழைக்கிறோமோ அதைப் பொறுத்து 36, 12, 6 என்று மூன்று விடை.

இனி, சொந்தத் திட்டத்துக்கு எதை எடுப்பது? உயர்தர ஐசிடியில் பைத்தன் படித்தவருக்கு ஜாங்கோ எட்டும் தூரம். கைபேசிச் செயலி என்றால் ஃபிளட்டர். சேவைகளை ஒன்றோடொன்று இணைக்கும் வேலையில் ஆசை என்றால் பாலரினா. கொழும்பில் வளர்ந்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கிய மொழி அது, 1.0 பதிப்பு 2019இல் வந்தது. வீட்டில் பழகிப் பாருங்கள். அலுவலகத்துக்குக் கொண்டுபோவதென்றால், உங்களைவிட இன்னும் இருவராவது அதைப் படிக்கச் சம்மதிக்க வேண்டும்.

இரண்டுக்கும்

ஒரு திட்டத்தில் ஒரு புதுமை போதும். புது மொழி என்றால் பழகிய தரவுத்தளம். புதுத் தரவுத்தளம் என்றால் பழகிய மொழி. முடிவெடுக்குமுன் உங்கள் வீட்டு விலாசத்தைத் தமிழில் கொடுத்து, சேமித்து, தேடி, அச்சிட்டுப் பாருங்கள். அரை மணித்தியாலம் போதும்.