இரண்டாம் ஆண்டு வகுப்பைக் கவனி

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்ததில் மகிழ்ச்சி. வகுப்பில் ஆள் குறைவு என்று மனம் தளர்ந்து எழுதியிருக்கிறாய். அதற்கு நீ மட்டும் காரணமில்லை.

1957இல் சோவியத் ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்கா பதறியது. மறு ஆண்டே வந்த தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் அயல்மொழிப் படிப்புக்குப் பணத்தைக் கொட்டியது. சிகாகோ, பென்சில்வேனியா போன்ற இடங்களில் தமிழ் காலூன்ற உதவியது சங்க இலக்கியத்தின் பெருமையைவிட இந்தப் பனிப்போர் பயம்தான்.

1960இல் அங்கே நூறு மாணவருக்குப் பதினாறு பேர் என்ற கணக்கில் அயல்மொழி வகுப்புகளில் சேர்ந்தார்கள். பட்டத்துக்கு மொழிப்பாடம் கட்டாயம் என்ற விதியைக் கல்லூரிகள் பல தளர்த்தின. 1980இல் அந்தப் பதினாறு ஏழு சொச்சமாகச் சரிந்தது. பிறகு ஒவ்வொரு மொழிக்கும் ஓர் அலை. 1990இல் ரஷ்யன் படித்தவர்கள் ஏறக்குறைய 44 ஆயிரம். சோவியத் உடைந்தபின், 1995இல், 25 ஆயிரம்கூட இல்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அரபு பல மடங்கு பெருகி, பின்னர் அதுவும் தணிந்தது. 2016க்கும் 2021க்கும் இடையில் மொத்தச் சேர்க்கையே ஆறில் ஒரு பங்கு குறைந்தபோது, கொரியன் 38 சதவீதம் கூடியது. பாட்டும் சீரியலும் செய்த வேலை அது.

இப்படி ஓர் அலையை நீயோ நானோ கிளப்ப முடியாது. அது ஓய்ந்தபிறகும் யார் படிக்கிறார்கள் என்பதில்தான் ஆசிரியருக்குக் கொஞ்சம் கை உண்டு. முதலாண்டில் ஆர்வத்தில் வருவார்கள்; இரண்டாம் ஆண்டுக்கு வருபவர்தான் மொழிக்குள் வருகிறார். உன் உழைப்பில் பாதியை அந்த வாசலில் செலவிடு.

உன் வகுப்பில் ஒரு பெண் இருப்பாள். பாட்டி போனில் பேசுவது அத்தனையும் புரியும், பஸ் போர்டை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பக்கத்திலேயே தேவாரத்தில் ஆய்வு செய்பவர். பதிகம் படிப்பார், டீக்கடையில் ஒரு டீ கேட்கத் திணறுவார். இருவருக்கும் ஒரே பயிற்சித்தாளை நீட்டினால் இருவரும் நழுவிவிடுவார்கள். ஜோடி சேர்த்துவிடு. பாட்டி சொன்னதை அவள் சொல்லட்டும். அதை அவர் எழுத்துத் தமிழில் எழுதட்டும். அடுத்த நாள் மாற்றிச் செய்யட்டும். மதுரையில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் நடத்தும் கோடைக்காலத் தமிழ்ப் பயிற்சி பற்றி முதல் பருவத்திலேயே சொல்லிவிடு. கோடை நெருங்கியபின் சொன்னால் விண்ணப்பிக்கும் காலம் தாண்டியிருக்கும்.

தமிழுக்கென்று நிரந்தரப் பேராசிரியர் இருக்கை அமைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்காக உலகத் தமிழர்கள் 60 லட்சம் டாலர் திரட்டியது பெரிய காரியம்தான். ஆனால் அந்தப் பணம் பேராசிரியர் பதவியைக் காக்கும், பெஞ்சை நிரப்பாது.

2023இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் அயல்மொழிப் பட்டப்படிப்புகளையே மூட முடிவெடுத்தது. அப்படியொரு பேச்சு உன் துறையிலும் எழலாம். அன்றைக்குத் தமிழின் தொன்மையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றாதே. முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மேல்வகுப்புக்கு வந்தார்கள், இன்று அந்தத் தமிழைக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்ற விவரத்தை மேசையில் வை. அதை இந்தப் பருவத்திலிருந்தே எழுதி வரத் தொடங்கு.

அன்புடன்,
அண்ணன்