விதியை எங்கே எழுதுவது?

மாணவர்களே, மென்பொருள் எதை ஏற்கும், எதை நிராகரிக்கும் என்று தீர்மானிப்பதே வணிக விதி. நமது தேசிய அடையாள அட்டை எண்ணைக் கவனியுங்கள். முன்பு அது 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டிருந்தது. 2016 முதல் வழங்கப்படுபவை 12 இலக்கங்கள் கொண்டவை. இரண்டும் புழக்கத்தில் உள்ளன.

நூலகமொன்றின் இணையப் படிவம், கைபேசிச் செயலி, அலுவலகக் கணினி மூன்றிலும் பழைய விதி தனித்தனியே எழுதப்பட்டிருந்தது என்று கொள்வோம். திருத்தும்போது ஒன்று விடுபட்டால், புதிய அட்டையுடன் வரும் மாணவி அங்கே திருப்பி அனுப்பப்படுவாள். எனவே விதியைச் சேவையகத்துச் செய்நிரலில் ஓரிடத்தில் எழுதி, மூன்றையும் அதனிடமே கேட்கச் செய்ய வேண்டும்.

படிவத்திலும் சரிபார்க்கலாம், தட்டச்சுப் பிழை உடனே தெரியும். ஆனால் உலாவியில் ஓடும் செய்நிரலைப் பயனர் மாற்றிவிடலாம். அதை நம்பி இருக்கக் கூடாது. (“படிவத்தில்” என்று மட்டும் விடை எழுதிவிட்டுப் புள்ளி குறைந்ததென்று என்னிடம் வராதீர்கள்!)

ஒரே எண் இருமுறை பதிவாவதைத் தடுப்பது மட்டும் தரவுத்தளத்தின் வேலை. இரு கணினிகளில் ஒரே கணத்தில் பதிந்தாலும் அது ஒன்றையே ஏற்கும்.