ஓராண்டைப் பாடமாக்குதல்: நார்வே 1905

ஆண்டுகளை மனப்பாடம் செய்வதே வரலாறு என்று நம் மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். ஒரே ஓர் ஆண்டை மட்டும் எடுத்து, அதைத் தேதிவாரியாகப் பிரித்துக் காட்டினால் என்ன என்று தோன்றியது. ஒன்பதாம் வகுப்பில் நான் எடுத்துக்கொண்டது நார்வேயின் 1905.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1814 முதல் நார்வேயும் சுவீடனும் ஒரே மன்னரின் கீழ் இருந்தன. நார்வேக்கெனத் தனி அரசியலமைப்பும் நாடாளுமன்றமும் உண்டு. வெளியுறவு மட்டும் சுவீடனின் கையில். நார்வேயின் வணிகக் கப்பல்களோ உலகெங்கும் சென்றன. அயல்நாட்டுத் துறைமுகங்களில் தன் மாலுமிகளின் நலனைக் கவனிக்கத் தனக்கெனத் தூதரக அலுவலர்கள் வேண்டும் என நார்வே கேட்டது. "இவ்வளவுதானா சண்டை?" என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

அதற்கான சட்டத்தில் கையெழுத்திட மன்னர் இரண்டாம் ஆஸ்கர் மே 27 அன்று மறுத்தார். அமைச்சர்கள் பதவி விலகினர். வேறு அமைச்சரவை அமைக்க இப்போது இயலாது என்று கூறி மன்னர் அவர்களது விலகலை ஏற்கவில்லை. நாடாளுமன்றம் இதையே பிடித்துக்கொண்டது. அமைச்சரவை அமைக்க இயலாதவர் மன்னராகச் செயல்படவில்லை. ஆகவே ஒரே மன்னரின் கீழான இணைப்பும் இல்லை! ஜூன் 7 தீர்மானத்தின் முதன்மைத் தொடர், அமைச்சர்கள் பணியைத் தொடரலாம் என்பதுதான். நாடு பிரிந்த செய்தி துணைத் தொடரில் வருகிறது. மொழியாசிரியர்களும் இதை வகுப்பில் பயன்படுத்தலாம்.

ஆகஸ்ட் 13 அன்று பொதுவாக்கெடுப்பு. பிரிவதற்கு ஆதரவாக 3,68,208 வாக்குகள்; எதிராக 184. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதி நிறுத்துங்கள். என் வகுப்பில் கடைசி வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், இதுல பொம்பளைங்க ஓட்டு எவ்வளவு?" ஒன்றுகூட இல்லை. பெண்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்தது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. பிரிவை ஆதரித்துத் தாங்களாகவே சுமார் 2,44,000 கையெழுத்துகளைத் திரட்டி நாடாளுமன்றத்திடம் அளித்தனர். நாடாளுமன்றத் தேர்தலில் 1907இல் வரி செலுத்தும் தகுதியுடைய பெண்களுக்கும், 1913இல் ஆண்களுக்கு நிகராக எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது.

செப்டம்பரில் எல்லையின் இருபுறமும் படைகள் நின்றன. சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் பேச்சுவார்த்தை நடந்து, 23ஆம் தேதி உடன்பாடு ஏற்பட்டது. எல்லைக் கோட்டைகள் சிலவற்றை நார்வே அகற்ற வேண்டும். எல்லையோரம் படையில்லாப் பகுதி அமையும். நார்வேயில் பலருக்கு இது கசந்தது. ஆனாலும் போர் மூளவில்லை. அக்டோபர் 26 அன்று ஆஸ்கர் தம் உரிமையைத் துறந்தார். டென்மார்க் இளவரசர் கார்லை மன்னராக அழைத்தபோது, மக்களைக் கேளுங்கள் என்றார் அவர். நவம்பர் வாக்கெடுப்பில் முடியாட்சிக்கே பெரும்பான்மை. ஏழாம் ஹாகோன் என்ற பெயருடன் அவர் நவம்பர் 25 அன்று தலைநகர் வந்திறங்கினார்.

செயல்பாடு: தேதிகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துக் கொடுத்து, குழுவாக வரிசைப்படுத்தச் செய்யலாம். எந்தத் தேதியில் போர் வந்திருக்கக்கூடும், ஏன் என்று ஒவ்வொரு குழுவும் சொல்ல வேண்டும். வீட்டுப் பணியாக, எதிர்த்து வாக்களித்த 184 பேரில் ஒருவராகத் தம்மைக் கருதி, அண்டை வீட்டாருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லலாம்.