பிரித்தால்தான் தெரியும்

வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, அலமாரி ஆகியவற்றை அமைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பயணம் செய்யும் பழக்கம் புதியதன்று. ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனம் 1950ஆம் ஆண்டில் தனது வேனைத் தயாரிக்கத் தொடங்கியது. மறு ஆண்டே வெஸ்ட்பாலியா என்னும் நிறுவனம் அந்த வேனுக்குள் பொருத்தக்கூடிய முகாம் பெட்டி ஒன்றை உருவாக்கியது. விடுமுறையில் அதைப் பொருத்திக்கொள்ளலாம். வேலை நாள்களில் கழற்றிவிட்டுப் பொருள்களை ஏற்றிச் செல்லலாம்.

இன்று மலேசியாவிலும் பழைய வேனை வாங்கி, அதைத் தாங்களே முகாம் வேனாக மாற்றுவோர் இருக்கின்றனர். இவர்களுள் பெரும்பாலோரின் கனவில் முதலில் தோன்றுவது மெத்தையும் திரைச்சீலையும்தான். ஆனால், உண்மையான முதல் வேலை எதையும் பொருத்துவதன்று. உள்ளே இருப்பவற்றைக் கழற்றுவது. அந்த வேலையைச் சரியாகச் செய்தால்தான் அடுத்து வரும் வேலைகள் நிலைக்கும்.

ஈப்போவில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். தொழிற்சாலை ஊழியர்களை ஏற்றிச் சென்ற பழைய வேன் ஒன்றை அப்பா வாங்குகிறார். மூன்றாம் படிவத்தில் பயிலும் மகள் அவருக்கு உதவுகிறாள். பள்ளி விடுமுறைக்குள் வேலையை முடித்து, பாட்டியைக் கேமரன் மலைக்கு அழைத்துச் செல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். விடுமுறைக்கு இன்னும் மூன்று வாரங்களே உள்ளன.

திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஒரு கடமை இருக்கிறது. வேனின் இருக்கைகளை நீக்குவதும் உட்புற அமைப்பை மாற்றுவதும் உரிமையாளரின் விருப்பத்தை மட்டும் பொறுத்தவை அல்ல. சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியைப் பெறவேண்டும். அனுமதியின்றி மாற்றியமைத்த வண்டியைச் சாலையில் ஓட்டுவது குற்றமாகும். எனவே, அப்பா முதலில் அந்தத் துறையின் அலுவலகத்திற்குச் சென்று விவரங்களைக் கேட்டறிந்து விண்ணப்பம் செய்கிறார். அனுமதி கிடைத்த பிறகே வேலை தொடங்குகிறது.

முதல் நாள், மின்கலத்தின் எதிர்முனை இணைப்பை அப்பா கழற்றுகிறார். வண்டியில் மின்சாரம் பாயும்போது கம்பிகளை இழுத்தால் தீப்பொறி எழலாம். காற்றுப்பை உள்ள வண்டிகளில் இணைப்பைக் கழற்றிய பிறகும் சில நிமிடங்கள் காத்திருக்கவேண்டும். காற்றுப்பையின் பாகங்களைப் பயிற்சி பெற்ற பட்டறைக்காரர் மட்டுமே தொடவேண்டும். பழைய வேனின் விளிம்புகள் கத்திபோல் கூர்மையாக இருக்கும். உட்புறத் தூசும் மூச்சுக்கு ஆகாது. ஆதலால், இருவரும் தடித்த கையுறை, கண்ணாடி, முகக்கவரி ஆகியவற்றை அணிந்துகொள்கின்றனர்.

மகளிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை எளிமையானதாகத் தோன்றினாலும் முக்கியமானது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் அவள் படம் எடுக்கிறாள். கழற்றிய திருகாணிகளைச் சிறு பைகளில் போட்டு, ‘பின் இருக்கை, இடப்பக்கம்’, ‘கூரை விளக்கு’ என்று பெயர் எழுதி ஒட்டுகிறாள். தேவையற்ற கம்பிகளையும் அவர்கள் வெட்டுவதில்லை. அவை எங்கே செல்கின்றன என்பதை அறிந்த பிறகே முடிவெடுக்கின்றனர். பின்விளக்கின் கம்பியும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம் அல்லவா?

இருக்கைகளின் திருகாணிகள் பல ஆண்டுத் துருவால் இறுகியிருக்கின்றன. வலிந்து திருப்பினால் தலை உடைந்துவிடும். துருவை இளக்கும் எண்ணெயைத் தெளித்து, ஓர் இரவு காத்திருக்கிறார்கள். மறுநாள் பெரும்பாலான திருகாணிகள் எளிதில் கழன்றுவிடுகின்றன. ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி பட்டறைக்கும் பொருந்தும். பயணிகள் அமர்வதற்குத் தேவையான இருக்கைகளையும் அவற்றின் பாதுகாப்பு வார்களையும் அவர்கள் அப்படியே விட்டுவிடுகின்றனர்.

இருக்கைகளுக்குப் பின் பக்கவாட்டுப் பலகைகளும் கூரை விரிப்பும் இறங்குகின்றன. இறுதியில் தரையில் ஒட்டியிருந்த தடித்த ரப்பர் விரிப்பை இருவரும் சேர்ந்து உரிக்கின்றனர். ஈர வாடை வீசுகிறது. அடியிலிருந்த பஞ்சு விரிப்பு நீரில் ஊறிக் கிடக்கிறது. அதையும் அகற்றியதும், சக்கரத்திற்கு மேலே ஓரிடத்தில் தகடு செம்பழுப்பு நிறத்தில் பொருமியிருப்பது தெரிகிறது. மகள் திருப்புளியின் கைப்பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே வருகிறாள். நல்ல இடங்களில் ‘டங்’ என்று கேட்ட ஒலி, அங்கே மட்டும் மந்தமாகிறது. மெல்ல அழுத்தியதும் திருப்புளி தகட்டைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. துளையின் வழியாக வீட்டு வாசல் தெரிகிறது.

அப்பா சற்றுநேரம் எதுவும் பேசவில்லை. விடுமுறைக்கு இன்னும் பத்து நாள்களே உள்ளன. அந்த இடத்தின்மேல் ஓர் ஒட்டுப்பலகையை விரித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மேலே கட்டிலும் வந்துவிடும்.

ஆனால், துரு மூடிவைப்பதால் நின்றுவிடுவதன்று. இரும்பு, நீர், உயிர்வளி ஆகிய மூன்றும் சேரும்போது துரு உண்டாகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால், பக்கத்திலுள்ள சாயத்தை அது மேலே தூக்கிவிடும். அந்த இடுக்கில் நீர் புகும். புதிய துரு தொடங்கும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டில் பலகைக்கு அடியில் சிக்கிய ஈரம் எளிதில் உலராது. கடற்கரையில் ஓடிய வண்டியானால் உப்பு இதை இன்னும் விரைவுபடுத்தும்.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. வேனின் புகைக்குழாய் தரைக்கு அடியில் செல்கிறது. குழாயில் கசிவு இருந்தால், தரையிலுள்ள துளை வழியாகப் புகை உள்ளே நுழையலாம். அப்புகையில் உள்ள கார்பன் மோனோக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் அதை உணராமலேயே உயிரிழக்க நேரலாம். கட்டிலுக்கு அடியில் மறைக்கப்படும் துளை, பாட்டி படுத்துறங்கும் இடத்திற்கு அடியில் இருக்கும் துளை என்பதை மகள் நினைவூட்டுகிறாள். அப்பா ஒட்டுப்பலகையைச் சுவரோரம் சாய்த்து வைக்கிறார்.

முதலில் நீர் வந்த வழியைக் கண்டறியவேண்டும். அப்பா வெளியிலிருந்து குழாய் நீரைப் பாய்ச்ச, மகள் உள்ளே விளக்கைப் பிடித்துப் பார்க்கிறாள். சன்னலின் ரப்பர் விளிம்பு வெடித்திருக்கிறது. அங்கிருந்து ஒரு கோடாக நீர் வடிகிறது. அதை மாற்றாமல் தரையை மட்டும் சரிசெய்திருந்தால் அத்தனை உழைப்பும் விழலுக்கு இறைத்த நீராகியிருக்கும்.

எல்லாத் துருவுக்கும் ஒரே மருந்து இல்லை. மேலோட்டமான துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கி, துருவைத் தடுக்கும் அடிச்சாயத்தைப் பூசி, அதன்மேல் சாயம் பூசினால் போதும். ஓட்டை விழுந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய தகட்டைப் பற்றவைக்கவேண்டும். எரிபொருள் குழாயும் தரைக்கு அடியில் செல்லக்கூடும் என்பதால் இது வீட்டு வாசலில் செய்யும் வேலையன்று. அனுபவமுள்ள பட்டறைக்காரரிடம் வண்டி செல்கிறது. இருக்கைகளைக் கழற்றிய துளைகளும் அங்கேயே அடைக்கப்படுகின்றன. ஆனால், கதவுகளின் அடியில் உள்ள சிறு துளைகளை மட்டும் அவர்கள் அடைப்பதில்லை. அவை மழைநீர் வடிவதற்காகவே அமைக்கப்பட்டவை.

வண்டி பட்டறையில் இருக்கும் நாள்களில் மகள், கழற்றிய பொருள்கள் ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பட்டியலிடுகிறாள். வேன் சுமக்கக்கூடிய எடைக்கு ஒரு வரம்பு உண்டு. எவ்வளவு இறக்கினோம் என்பது தெரிந்தால்தான் கட்டில், அலமாரி, நீர்த்தொட்டி என எவ்வளவு ஏற்றலாம் என்று திட்டமிட முடியும். நல்ல நிலையில் உள்ள இருக்கைகள் விற்பனைக்கு ஒதுக்கப்படுகின்றன. துருப்பிடித்த சட்டங்கள் பழைய இரும்புக் கடைக்குச் செல்கின்றன.

விடுமுறை முடிந்துவிட்டது. கேமரன் மலைப் பயணம் அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப் போயிருக்கிறது. வேனில் இன்னும் ஒரு கட்டில்கூட இல்லை. பாட்டி வந்து உள்ளே எட்டிப் பார்க்கிறார். புதுச்சாயம் பூசிய தரை மட்டுமே தெரிகிறது. முதல் நாள் எடுத்த படங்களை மகள் அவருக்குக் காட்டி, துளை இருந்த இடத்தைச் சுட்டுகிறாள். பாட்டி அந்த இடத்தில் காலை ஊன்றி ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார். தகடு அசையவில்லை.