கண்டி நீதிபதிக்கு யார் காவல்?

அன்புள்ள தங்கைக்கு,

நீதிபதிகளை யார் நியமிக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். நியமித்த பிறகு அவர்களை யார் அசைக்கலாம் என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு காணிக்குப் பாகப்பிரிவினை வழக்கு என்று வை. கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றவர், 2006 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டப்படி, மாகாணத்துக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போவார். குறைந்தது இரண்டு நீதிபதிகள் கேட்பார்கள். அதற்கு மேல் உயர் நீதிமன்றம் போக அனுமதி வாங்க வேண்டும். அது எல்லோருக்கும் கிடைக்காது. ஆகவே பலருடைய காணிக்குக் கடைசி வார்த்தை கண்டியிலேயே சொல்லப்படுகிறது.

அந்த வார்த்தையைச் சொல்பவரை நீதிச்சேவை ஆணைக்குழு பரிந்துரைக்க, சனாதிபதி நியமிக்கிறார். பரிந்துரைக்கு முன் சட்டமா அதிபரையும் கலந்தாலோசிக்க வேண்டும். அரசின் சார்பில் அடிக்கடி வழக்காடும் தரப்பிடமே அபிப்பிராயம் கேட்பது எனக்கு உறுத்தல்தான். எந்த மாகாணத்தில் அமர்வது, எப்போது இடம் மாறுவது என்பதெல்லாம், 1987 இன் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தப்படி, பிரதம நீதியரசர் கையில். கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியை நீக்க நாடாளுமன்றத்தின் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை வேண்டும். அவர் சம்பளத்தையும் குறைக்க முடியாது. மாகாண நீதிபதியை நீக்கவோ ஆணைக்குழுவின் பரிந்துரையும் சனாதிபதியின் கையொப்பமும் போதும். பதவி உயர்ந்து கொழும்புக்குப் போக வேண்டுமானால் அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் தேவை. அந்தப் பேரவையோ 2001 இல் வந்து, 2010 இல் போய், 2015 இல் திரும்பி, 2020 இல் மறுபடி போய், 2022 இல் மறுபடி வந்தது.

மேலே உள்ள காவல் மட்டும் யாரைக் காப்பாற்றியது என்று நீ கேட்கலாம். பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க 2013 சனவரியில் நாடாளுமன்றத் தீர்மானத்தின் பேரில் நீக்கப்பட்டார். உண்மை. ஆனால் அது ஊரறிய நடந்தது. சட்டத்தரணிகள் தெருவில் இறங்கினார்கள். 2015 இல் அவர் பதவிக்குத் திரும்பி மறுநாளே ஓய்வுபெற்றார். மாகாண நீதிபதியின் இடமாற்றத்துக்கு விவாதமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. இடமாற்றமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை: ஒரே ஊரில் வேரூன்றிய நீதிபதிக்கு உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் உறவும் வேரூன்றும். குறித்த காலமும் எழுத்தில் காரணமும் இருந்தால் போதும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றைப்போல் மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்பாரும் உண்டு. அங்கே தேர்தல் செலவுக்குப் பணம் தருவோரில் சட்டத்தரணிகளும் வழக்காளிகளும் இருக்கிறார்கள். அந்த வியாதி நமக்கு வேண்டாம்.

அரசியலமைப்பை எடுத்து 107, 108, 111 ஆம் உறுப்புரைகளை அருகருகே வைத்துப் படி. பிறகு உன் கருத்தை எழுது.